இரண்டு வரிப் படிவங்கள்

கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் என் வருமானவரிப் படிவத்தை நான் ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, நாளெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். படிவத்தை என் கணவர் நிரப்புவார். அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அவருக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. தலைநகரத்து லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றியிருந்த பாதிப் பேரின் படிவங்களும் அவர் கையால்தான் போயின. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. காசு வாங்க மாட்டார். காபிப்பொடிச் செலவு என் தலையில் விழும். நான் முணுமுணுத்தால், "நாலு பேர் நம்மள நம்பி வராங்கல்ல, அதப் பாரு" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஐம்பத்திரண்டு வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. நீண்ட விடுப்பில் வீட்டில் இருந்தார். அவர் மறுபடி வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதை மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "கைதான் போச்சு, தலை போகல. நான் சொன்னா எழுதறதுக்கு ஆபீஸ்ல ஆளா இல்ல?" அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனிதர் தினமும் காலையில் எழுந்து, சவரம் செய்துவிடச் சொல்லி என்னை விரட்டினார்.

அந்த ஜூனில் ஒருவரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் வங்கித் தோழி, கோல் மார்க்கெட்டில் ஒரு பஞ்சாபிக்காரர் இருபத்தைந்து ரூபாய்க்குப் படிவம் தயார் செய்து தருவதாகச் சொன்னாள். நான் வீட்டில் பேச்சை எடுத்தேன்.

"இருபத்தஞ்சு ரூபா குடுத்து நம்ம வீட்டுக் கணக்க இன்னொருத்தன் பாக்கணுமா? நான் சொல்றேன், நீ எழுது."

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தோம். என் சம்பளச் சான்றிதழையும் ரசீதுகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். சான்றிதழில் மொத்தத் தொகையிலேயே என் போனஸ் சேர்ந்திருந்தது. அதை இன்னொரு தடவை கூட்டச் சொன்னார். இன்ஷ்யூரன்ஸ் ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கழிக்காமலே கீழே வைத்தார். கடைசியில், "நூத்தெண்பது ரூபா இன்னும் கட்டணும்" என்றார்.

குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று அவர் சொல்வதற்குள் சண்டைக்கு நிற்கிறவள் நான். அன்று வாய் வரவில்லை. கணக்குத் தப்பு என்று சொன்னால் தலையும் போய்விட்டது என்று சொன்னதாகும். "அச்சா, கட்டிடறேன்" என்று எழுந்துவிட்டேன்.

நானே திருத்தி எழுதியிருக்கலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்ன எண்ணை அடிப்பதற்கு என் கை துணியவில்லை. அந்த வேலைக்கு வேறு ஒருவர் கை வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு கோல் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினேன்.

பஞ்சாபிக்காரர் படிவத்தை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார், தப்பைப் பிடித்துவிட்டார். "யார் போட்ட கணக்கு இது, பஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார். "நான்தான்" என்றேன். வங்கியில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். புதுப் படிவத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அதைத்தான் வரி அலுவலகத்தில் சேர்த்தேன். வீட்டில், பணம் கட்டியாகிவிட்டது என்றேன்.

குளிர்காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, அவர் ஒரு ரிஜிஸ்தர் தபாலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையால் கிழித்ததில் உறை கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது.

"நூத்தெண்பது ரூபா கட்டினேன்னியே. இருநூத்திப்பத்து ரூபா ரீஃபண்ட் வந்திருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"போனஸ ரெண்டு தடவை சேத்தீங்க. இன்ஷ்யூரன்ஸ கழிக்கல."

"எழுதறப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

தபாலைக் கிழிந்த உறைக்குள் செருகி வைத்தார். பிறகு, "பேப்பர் எடு" என்றார்.

மெடிக்கல் போர்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தது. உடல்நிலை காரணமாகப் பணியிலிருந்து ஓய்வு கேட்டு அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் சொன்னார். சேர்ந்த தேதி, வகித்த பதவிகள், விடுப்பு உத்தரவின் எண், எந்த விதியின்கீழ் கேட்கிறார் என்பது எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. நான் அழுதுகொண்டே எழுதினேன். முடிந்ததும் அவருடைய கோப்பைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

"இங்க பாருங்க, ஒண்ணுகூடத் தப்பு இல்ல. சத்தியமா இல்ல. இத அனுப்ப வேண்டாங்க, போர்டுக்குப் போவோம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"தப்பு இருந்தாலும் நீ இதத்தானே சொல்லுவ" என்றார்.

பேனாவை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.