ஏழாம் நம்பர் பாக்கெட்

இதைப் படித்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் போன வருடம் வரை நானும் அந்தக் கட்சிதான். திருச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பேய் பார்த்தேன் என்று வந்தவர்களிடம் முதலில் கண்ணாடி மாற்றச் சொல்லுவேன், அடுத்து ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். இப்போது நானே உங்கள் முன் வந்து நிற்கிறேன். நம்பினால் நம்புங்கள். ஆனால் நடந்தது பட்டப்பகலில்.

என் மனைவி சரோஜா இலங்கையில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது குடும்பத்தோடு இந்தியா வந்துவிட்டாள். சாவதற்குள் அந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். சரி என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கொசுவால் வரும் காய்ச்சல், கொதிக்க வைக்காத தண்ணீர், அட்டைக்கடி, நறுக்கி விற்கும் பழம், எத்தனை ஆபத்து! கொசுக் களிம்பு, காய்ச்சல் மாத்திரை, தண்ணீர் சுத்தம் செய்யும் வில்லை, அட்டைக்கு உப்பு எல்லாம் ஒரு பையில் அடுக்கினேன். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து. எது செலவானது என்று தெரியாமல் போய்விடக் கூடாதே, அதனால் ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு மையில் நம்பர் போட்டேன். ஏழு எழுதும்போது சரோஜா காப்பி வைக்க வந்து முழங்கையை இடித்துவிட்டாள். ஏழின் கால் எலிவால் மாதிரி வளைந்து ஓரம் வரை ஓடிவிட்டது. திட்டினேன். அந்த வாலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி நுவரெலியாவில் தங்கினோம். மறுநாள் காலை செல்வம் என்ற உள்ளூர்ப் பையன் வேன் ஓட்டி வந்தான். கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்க்கலாமா என்று சரோஜா ஆசையாகக் கேட்டாள்.

"இன்னிக்கு போயாங்கம்மா, பௌர்ணமி லீவு. மலைக்கு ஒரு சனம் வராது. ஆனா லயத்துல எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, ஒங்களுக்கு அதுதானே நல்லது?"

தேதி குறிக்கும்போது மழை பார்த்தேன், ரயில் பார்த்தேன், காய்ச்சல் செய்தி பார்த்தேன். பௌர்ணமி பார்க்கவில்லை. ஊரில் பௌர்ணமிக்கு யார் லீவு விடுகிறார்கள்?

தோட்டத்து ரோடு மழையில் பெயர்ந்து கிடந்தது. ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினான். மேலே குறுக்குப் பாதையில் ஏறினால் லயம். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"நான் பொறந்த வீட்டுக்கு மருந்துக்கடையத் தூக்கிட்டுத்தான் வரணுமா? சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோற மாதிரி! வச்சிட்டு வாங்க" என்றாள் சரோஜா.

செல்வம் சிரித்தான். "வேனப் பூட்டிட்டு சாவிய ஒங்ககிட்டயே தாறேன் ஐயா. நான் கோயில்ல இருக்கேன்."

பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சாவி என் சட்டைப்பையில். பை வேனுக்குள். இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. ஊரில் பனி என்று சொல்வோமே அது இல்லை, நீட்டிய கையே தெரியாத பனி. அப்போதுதான் சரோஜா வயிற்றைப் பிடித்தாள். செடி மறைவுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு வாந்தி. போவதும் வருவதுமாக நிற்கவே இல்லை.

"கோச்சுக்காதீங்க" என்றாள். "நேத்து ரயில்ல நீங்க அசந்தப்ப ஒரு அன்னாசித் துண்டு வாங்கித் தின்னேன். மொளகாத் தூள் போட்டு."

கோபிக்க எனக்கு நேரம் இல்லை. பாதையோரம் அப்படியே சரிந்தாள். உதடு காய்ந்து, கை ஜில்லென்று, நாடி பிடித்தால் விரலுக்கு நழுவுகிறது. பேசினால் பதில் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. "செல்வம்! செல்வம்!" என்று கத்தினேன், பனி குரலை விழுங்கிவிட்டது. கீழே ஓடிப்போய்ப் பையை எடுத்து வரலாம், ஆனால் இந்தப் பனியில் திரும்பி வந்து இவளைக் கண்டுபிடிப்பேனா? விட்டுப் போனால் போய்விடுவாள், இருந்தாலும் போய்விடுவாள். என் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"என்னங்க ஐயா, அம்மாவுக்கு முடியலயா?"

செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, தலையில் கம்பளித் தொப்பி. அம்பது வயது இருக்கும். பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்து சரோஜாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். கூடைக்குள் கைவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் எடுத்தாள்.

அந்த நேரத்திலும் நான் கேட்டேன்: "கொதிக்க வச்ச தண்ணியா?"

"வெடிய அடுப்புல கொதிச்சி ஆறுன தண்ணிங்க. லீட்டரு போத்தல். அளந்து காட்டவா?" சிரித்துக்கொண்டே ஒரு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் மூலையைக் கிழித்தாள். போத்தலில் கொட்டிக் குலுக்கினாள். கிழித்த துண்டை என் கையில் வைத்தாள். "மலையில குப்ப போடாதீங்க. பையில வச்சிக்குங்க."

பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதும் அதுதான்.

"ஒரேயடியா ஊத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. அம்மா, கண்ணத் தெறங்க. பொறந்த ஊருக்கு வந்துட்டுப் படுத்துக்கிட்டா எப்பிடி?"

மடக்கு மடக்காகக் கொடுத்தாள். சரோஜாவின் உதட்டில் ஈரம் வந்தது, கண் திறந்தது, கடைசியில் "ஏங்க" என்று குரலும் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கம்மா கிடைச்சுது இந்த பாக்கெட்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னங்க ஐயா, நீங்க குடுத்தது தானே?"

சுற்றுலா வருகிறவர்கள் யாரோ கொடுத்ததைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போத்தலில் மிச்சம் இருந்ததை முழுதாகக் குடிக்க வைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். பனி மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் செல்வம் குடையோடு தேடி வந்தான். இருவரும் தாங்கிச் சரோஜாவை இறக்கினோம். கொழுந்து பறிக்கிற அம்மாதான் காப்பாற்றினாள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"ஐயா, போயான்னு சொன்னேனே. மலையில யாரு இருப்பா?"

அப்போதுதான் உறைத்தது. சாவியால் வேனைத் திறந்தேன். பையின் ஜிப் மூடியபடி இருந்தது. வழியில் தேவைப்படுமே என்று ஓ.ஆர்.எஸ். கட்டை எடுத்து எண்ணினேன். ஒன்றிலிருந்து பத்து. ஏழும் இருந்தது, முழுசாக, ஒட்டுக் கலையாமல், எலிவாலோடு.

சட்டைப்பைக்குள் கைவிட்டு அந்தக் கிழிந்த மூலையை எடுத்தேன். ஏழு. என் கையெழுத்து. அதே வால், அதே வளைவு, அதே ஓரம்.

செல்வம் இரண்டையும் பார்த்தான். "மறுபடி எண்ணுங்க ஐயா" என்றான். எண்ணினேன். அவனும் எண்ணினான். பிறகு இரண்டு பேரும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

நுவரெலியாவில் டாக்டர், சரியான நேரத்தில் கொடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் சிரமம் என்றார். உடம்பு தேறியதும் சரோஜா லயத்தைப் பார்த்தாள், பிறந்த அறை வாசலில் நின்று அழுதாள். நான் வீடு வீடாக விசாரித்தேன். அன்றைக்கு மலைக்குப் போனவர்கள் யாரும் இல்லை.

என் மகன் சொல்கிறான், ஏழாம் நம்பரை இரண்டு பாக்கெட்டில் எழுதியிருப்பீர்கள், ஒன்று எப்படியோ வெளியே போயிருக்கும் என்று. சரி, எழுதினேன் என்றே வைத்துக்கொள்வோம். முழங்கையை இரண்டு தரம், ஒரே மாதிரி, மயிரிழை பிசகாமல் இடிக்க முடியுமா?

மற்ற ஒன்பதும் வீட்டில் செலவாகிவிட்டன. ஏழு மட்டும் பீரோவில், கிழிந்த மூலைக்குப் பக்கத்தில். தேதி முடிந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்கிறாள் சரோஜா. அவளுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? பொங்கல் கழிந்ததும் மறுபடி கந்தப்பளைக்குப் போகிறோம். இந்தத் தரம் அது பையில் இல்லை, என் சட்டைப்பையில் வரும். கூடையோடு யார் எதிரே வந்தாலும் நீட்டிவிடுவேன்.

நான்தான் கொடுத்தேன் என்றாள் அந்தக் கூடைக்காரி. பீரோவில் இருப்பதை நான் இன்னும் கொடுக்கவில்லையே. அப்படியானால் அன்றைக்குச் சரோஜா குடித்தது எது?