மூன்றாம் வரியின் மூச்சு

இது நடந்தது. ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிப் பிழைத்தவன். இருட்டு இல்லை, மழை இல்லை. நல்ல வெயில் அடித்த ஒரு பிற்பகலில், எங்கள் வீட்டு முன்னறையில், எனக்கே நடந்தது.

என் மனைவி ஒரு சிறிய பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல் பாடினாள். முதல் குரலுக்கு அடியில் தழைந்து ஓடும் குரல் அது. குழுவுக்கு வேண்டிய இசைக்குறிப்புகளைக் கணினியில் எழுதித் தருவதும் அவள்தான். எனக்கோ பாட்டு என்றால் மொத்தமாக ஒரு சத்தம். "உங்க காது கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான்" என்பாள். கடைப் பலகையில் எழுதிப் போடலாம் போலிருக்கிறதே என்று நானும் சிரிப்பேன்.

அவள் இறந்துபோவதற்குச் சில மாதம் முன்பு குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. நான்தான் வண்டியில் கொண்டுபோய் ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டேன். பதிவு கைக்கு வந்ததும் போட்டுக் காட்டினாள்.

"என் குரல் எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"இதுவா?"

"இல்ல."

"அப்ப இது."

"ம்ஹூம்."

நான் காட்டிய எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நுரையீரல் என்றார்கள். எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது.

அவள் பாடிய குரல் வேறெங்கும் இல்லை. பாடும்போது போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அந்த ஒரு பதிவுதான் மிச்சம். அதற்குள் அவள் இருக்கிறாள், எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் போல அந்த ஒரே பாட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அவளுடைய மடிக்கணினியில் காதைப் பழக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. நமக்கு வேண்டிய இசைக்குறிப்பை ஏற்றினால் அதையே பயிற்சியாக மாற்றித் தரும். ஒரு குரலை ஊமையாக்கிவிட்டு மற்றவற்றை வாசிக்கும். விடுபட்ட குரலை நாம் மைக்கில் பாட வேண்டும். நம் குரல் திரையில் கோடாக ஓடும். சரியென்றால் பச்சை, பிசகினால் சிவப்பு. கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி நான் கண்ணைச் சோதிப்பது போலத்தான். இரண்டாம் குரலைக் காதில் ஏற்றிவிட்டால் பதிவில் அவளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் எழுதிய கோப்பை ஏற்றியபோது ஏதோ எச்சரிக்கை வந்தது. அவள் தம்பிக்கு போன் போட்டேன்.

"சில குறியெல்லாம் ஏறலைங்குது மாப்ளே."

"அது அக்கா போடற மூச்சுக் குறி மாமா. ஒவ்வொரு வரி முடியறப்பவும் கமா மாதிரி ஒண்ணு போடுவா. இதுக்கு அது புரியாது, விட்டுடுங்க. மெஷினுக்கு எதுக்கு மூச்சு?"

"எனக்கே எதுக்குன்னு தெரியல."

அவன் பேச்சை மாற்றினான்.

"சாப்டீங்களா மாமா?"

தினமும் கடையை மதியத்தோடு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கோடு குடிகாரன் நடந்த தடம் போல வளைந்து வளைந்து போனது. முழுக்கச் சிவப்பு.

அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. சும்மா கேட்போம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்தேன். மணி மூன்றே முக்கால். முதல் குரல் தொடங்கியது.

திரையில் ஒரு கோடு ஓடியது.

பச்சையாக.

மின்விசிறிச் சத்தத்தை மைக் பிடிக்கிறதோ என்று எழுந்துபோய் அணைத்தேன். கோடு நிற்கவில்லை. ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஏறியது, இறங்கியது. ஒரு பிசகு இல்லை.

மைக்கின் வயரைப் பிடுங்கினேன்.

பச்சை.

முதல் வரி முடிந்தது. ஹெட்போனில்... ஹ்ஹ்...

மூச்சு. பாடுவதற்கு முன் ஒரு பெண் இழுக்கும் மூச்சு.

கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை. மறுபடி மாட்டினேன். இரண்டாம் வரியின் முடிவு.

ஹ்ஹ்...

இடது காதில் மட்டும். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம்.

மூன்றாம் வரி. பாதியில் கோடு நடுங்கியது.

அறுந்தது.

ஹ்ஹ்...

மறுபடி ஓடியது.

"நீயா?" என்றேன்.

கோடு நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோடு மட்டும் அதே இடத்தில்... யாரோ திரும்பிப் பார்ப்பது போல...

கணினியைப் படாரென்று மூடினேன். வெளியே ஓடியவன், தெரு விளக்குகள் எரியும் வரை வீட்டுக்குள் திரும்பவில்லை.

மறுநாள் காலை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பழைய பதிவைப் போட்டேன். கேட்டது. எல்லாக் குரல்களுக்கும் அடியில் அவள் குரல், துடைத்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெளிவாக. மூன்றாம் வரியின் நடுவில் அதே மூச்சு. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. குழுவை நடத்துபவர் ஒரு பல் மருத்துவர். அவருடைய கிளினிக்குக்கே போனேன்.

"இப்ப எனக்கு அவ குரல் தெரியுது டாக்டர். மூணாவது வரி நடுவுல மூச்சு எடுக்கறா பாருங்க, அதான் அடையாளம்."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நடுவுலயா? அங்க மூச்சுக் குறியே கிடையாதே. உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்குதே."

நோயாளி உட்காரும் நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசி ஒத்திகைல அவளால அந்த வரிய ஒரே மூச்சுல பாட முடியல. நடுவுல எடுத்தா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. உங்ககிட்டகூட."

"அதான் பதிவுலயும் அப்படியே..."

"அண்ணா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "பதிவு அன்னிக்கு அவ பாடல. நீங்க இறக்கிவிட்டுப் போனதும் டாக்ஸி பிடிச்சு ஸ்கேன் எடுக்கப் போயிட்டா. இரண்டாம் குரல் இல்லாமலேயேதான் மத்தவங்க நாலு பேரும் பாடி முடிச்சோம்."

இதுவா என்றேன், இல்லை என்றாள். அதுவா என்றேன், இல்லை என்றாள். அவள் என்னிடம் விளையாடவே இல்லை.

தினமும் அந்தப் பதிவைப் போடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. போடாமல் இருப்பது அதைவிடப் பயம். அவள் குரல் கேட்கிறது. ஆனால் மூச்சு இப்போது மூன்றாம் வரியில் மட்டும் இல்லை. போன மாதம் இரண்டாம் வரியின் நடுவிலும் வந்தது. பிறகு முதல் வரியில்.

நேற்று, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள்... கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னோடு பேசியது போல.