பப்பிலியோ, போலி மினிஸ்டரோ

எங்கள் செட்டிபாளையத்து வீட்டுத் தேசி மரம், அதுதான் எலுமிச்சை, மொட்டையானதற்கு மாமாதான் காரணம். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைக் காட்டோரத்தில் பொறுக்கிய புழுக்களைக் கொண்டுவந்து அதில் மேயவிட்டிருந்தார். விலங்கியலில் பட்டம் பெற்று, மூன்று வருடமாக ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவருக்கு அதுதான் வேலை.

"தம்பி, உனக்கு நியமனம் வாறத்துக்குள்ள எனக்கு ஒரு தேசிக்காயாவது மிஞ்சுமா?" என்று அம்மா தினமும் கேட்பார்.

ஒருநாள் காலையில் கூடு வெடித்தது. கசங்கிய துணிபோலத் தொங்கியது மெல்ல விரிந்து, என் உள்ளங்கையை மூடும் அளவு கறுப்புச் சிறகானது. அதில் பாதி, விடியற்காலத்து வாவியின் நீலம். எனக்கு மூச்சுவிடவே மறந்துபோயிற்று.

"என்ன பூச்சி மாமா?"

"பப்பிலியோ பொலிம்னெஸ்டர்."

என் காதில் விழுந்ததோ வேறு. சந்தேகம் என்றால் நாங்கள் ஓகாரம் போட்டுத்தானே கேட்போம்? இது பப்பிலியோ, போலி மினிஸ்டரோ என்று இவ்வளவு படித்த மாமாவே தடுமாறுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றுதான் எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சி. பிரதம அதிதி, நியமனம் கொடுக்கக்கூடிய ஒரு மினிஸ்டர். நுளம்பு கடிக்காமல் படுக்கைக்குக் கட்டும் வலையில் செய்த கூட்டுக்குள் பூச்சியோடு நான் முன்னால். மாமா நியமன விண்ணப்பப் பைலோடு பின்னால்.

மினிஸ்டர் குனிந்தார். "இதுக்கு என்ன பேர் மனே?"

"மாமாவுக்கே சரியாத் தெரியா சேர். பப்பிலியோ, போலி மினிஸ்டரோ எண்டுறார்."

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆர் உன்ர மாமா?"

பெருமையோடு கைகாட்டினேன். மாமா பைலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வந்தார்.

"சேர், பப்பிலியோ எண்டது பேரினம். லத்தீன்ல வண்ணத்திப்பூச்சிக்கே அதுதான் பேர்..."

அவ்வளவுதான், மாமா தன்னை மறந்துவிட்டார். சிறகின் செதில், குடிக்கும் தேன், காட்டில் பறக்கும் வழி என்று கண் மின்ன மின்னச் சொல்லிக்கொண்டே வலையைத் திறந்தார். அது மினிஸ்டரின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வாவிப்பக்கம் போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மினிஸ்டர் மட்டும் தன் வாகனத்தைப் பார்த்து நடந்தார்.

சைக்கிளில் திரும்பும்போது கேட்டேன்: "பைலக் குடுக்கல்லியா மாமா?"

"மறந்திட்டன் மனே."

வீட்டுக்கு வந்ததும், நான் சொன்னது, மாமா மறந்தது எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஏச்சு விழும், பார்த்துச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அம்மா மாமாவுக்குச் சோறு போட்டார். மிஞ்சியிருந்த ஒரே தேசிக்காயைப் பறித்துவந்து அவருடைய சோற்றுக் கோப்பையில் பிழிந்தார்.

நான் கேட்டும் எனக்கு ஒரு சொட்டு விடவில்லை. ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.