வெடிக்காத பத்துத் துப்பாக்கிகள்

மஹ்ஜூபா பீட்ரூட் லாரி ஓட்டுபவள். தூக்காலா சமவெளியில் அறுவடை தொடங்கிவிட்டால் வயலுக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடுவே அவள் லாரி ஓயாமல் போய்வரும். மற்ற மாதங்களில் அவளைத் தேடுகிறவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. ஊருக்கு வெளியே, அறுத்த கோதுமை வயலில், குதிரைகளோடு இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

குதிரை அவள் கேட்டு வந்ததல்ல. அப்பா தம்பி மீலூதுக்கென்று வாங்கியது அது. கால்பந்தைக் கண்ட நாளிலிருந்து மீலூது லாயத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கட்டிப்போட்ட குதிரை சுவரை உதைத்து உதைத்துப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மஹ்ஜூபா அதை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கல்யாணமாகியும் போகவில்லை, கணவன் இறந்த பிறகும் போகவில்லை. ஐம்பதை நெருங்கும்போது அவள் ஒரு பெண்கள் தபூரிதா அணிக்குத் தலைவி ஆகியிருந்தாள்.

தபூரிதா என்பது சொல்லுவதற்கு எளிது. பதினொரு குதிரைகள் ஒரே வரிசையாக நிற்கும். தலைவி நடுவில். முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு வெறிபிடித்த பாய்ச்சல். திடலின் முடிவில் தலைவி குரல் கொடுப்பாள். குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் திணித்த நீளத் துப்பாக்கிகள் அந்தக் குரலில் வெடிக்கும். பதினொன்றும் வெடித்து ஒரே சத்தம்தான் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் மதிப்பெண் போச்சு. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் போனாலும் போச்சு.

ஊர்க் கால்பந்து அணியின் பயிற்சியாளனாகிவிட்ட மீலூதுக்கு இது விளையாட்டாகவே படவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குஸ்குஸ் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்காரும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

"பந்து இருக்கா? இல்ல. எதிர்ல ஒரு அணி இருக்கா? அதுவும் இல்ல. யாரு முதல்ல வந்தான்னு பாக்குறாங்களா? முதல்ல வந்தா திட்டு வேற விழுது! அக்கா, இதுக்குப் பேரு விளையாட்டில்ல, கல்யாண ஊர்வலம்."

"உன் பசங்க பதினொரு பேர் இருக்கானுங்கல்ல? எல்லாரையும் ஒண்ணா தும்மச் சொல்லு பாப்போம்" என்றாள் மஹ்ஜூபா. "அப்புறம் வந்து எனக்கு விளையாட்டுப் பாடம் நடத்து."

தட்டைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மீலூதின் மகள் ஷாமா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இருபத்து நான்கு வயது.

"அப்பா, அத்தை அணியில ஒரு இடம் காலியா இருக்கு. நான் சேரப்போறேன்."

மீலூது வாயில் போட்டதை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "ஊர்வலந்தானே, தாராளமா போ. நல்ல உடுப்பு போட்டுக்கலாம். கால் கை உடையறதுக்கு அது என்ன கால்பந்தா?"

ஷாமா நன்றாகவே ஏறினாள், நன்றாகவே பாய்ந்தாள். குறை ஒன்றே ஒன்று. குரல் எழும்புவதற்கு முன்பே அவள் விரல் இழுத்துவிடும். பயிற்சியில் எப்போதும் 'டப்' என்று ஒன்று முன்னால் கேட்கும். அப்புறம்தான் மற்றவை.

"விடியலுக்கு முந்திக்கிட்ட சேவல் மாதிரி கூவுறாளே" என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஷாமாவுக்கு அழுகையே வந்துவிடும். மஹ்ஜூபா அவளை வரிசையின் ஓரத்திலிருந்து எடுத்துத் தன் வலப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"என் மூச்சு உனக்குக் கேக்கணும். கேக்குற வரைக்கும் சுடாத. அவ்வளவுதான்."

சீதி முபாரக் என்ற மகானின் கந்தூரித் திருவிழா வந்தது. சுற்றுவட்டார அணிகளெல்லாம் கூடிவிட்டன. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஓட்டம். நடுவர்கள் ஓலைப்பந்தலில் உட்கார்ந்து வரிசை கோணுகிறதா, சத்தம் பிசகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். திடலின் தொடக்கத்தில் கொடிக்காரர் ஒருவர் நின்றார். அவர் கொடியைத் தாழ்த்தாமல் எந்த அணியும் கிளம்பக்கூடாது. மீலூது தன் நீல விளையாட்டு உடுப்போடு வேலிக்கு வெளியே நின்றான். மகளைப் பார்க்க வரவில்லை, சும்மா அந்தப் பக்கம் வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மஹ்ஜூபாவின் அணி கிளம்பியது. நடை, ஓட்டம், பாய்ச்சல். வரிசை நூல் பிடித்தாற்போல் போனது. மஹ்ஜூபா சேணத்து மிதியில் எழுந்து நின்றாள். துப்பாக்கிகள் உயர்ந்தன. குரல் கொடுக்க மூச்சை இழுத்தாள். அந்த மூச்சோடு வலப்பக்கத்தில் ஏதோ சரிந்தது. ஷாமாவின் சாம்பல் குதிரை முன்காலை எங்கோ பள்ளத்தில் விட்டுத் தடுக்கியது. குதிரை சமாளித்து எழுந்து வரிசையோடு ஓடிவந்தது. அதன் முதுகில் ஆள் இல்லை.

இழுத்த மூச்சை மஹ்ஜூபா குரலாக்கவில்லை. பல்லைக் கடித்து உள்ளேயே அடக்கிக்கொண்டாள். இப்போது வெடித்தால் ஆளில்லாத குதிரை மிரண்டு திரும்பிப் பாயும். பின்னால் மண்ணில் கிடப்பவளோடு மருந்து நிரப்பிய துப்பாக்கியும் கிடக்கிறது.

மற்றவர்கள் யாரும் ஷாமா விழுந்ததைப் பார்க்கவில்லை. பாய்கிற குதிரையில் பக்கத்தைப் பார்க்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குரல் வரவில்லை என்பதுதான். விரல்கள் விசையில் இருந்தன. ஒருத்திகூட இழுக்கவில்லை. பத்துத் துப்பாக்கிகளும் வானத்தைப் பார்த்தபடி ஊமையாகத் திடலின் முடிவுக்கு வந்து நின்றன. கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது.

மஹ்ஜூபா குதிரையைத் திருப்பியபோது புழுதி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் மீலூது வேலியைத் தாண்டிவிட்டிருந்தான். கையில் கால்பந்துக்காரர்களின் சுளுக்கு மருந்துக் குப்பி. அதை எதற்குக் கொண்டு ஓடுகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கொடிக்காரர் கொடியை உயர்த்திப் பிடித்து அடுத்த அணியை அசையவிடாமல் நிறுத்தினார். மருத்துவ வண்டியைக் கூப்பிட்டார்கள்.

ஷாமா குப்புறக் கிடந்தாள். மஹ்ஜூபா முதலில் துப்பாக்கியை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகுதான் முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள்.

"புரட்டாத அக்கா, தொடாத!" என்று கத்திய மீலூதின் குரல் பாதியில் உடைந்தது. "ஷாமா... அடி ஷாமா, அப்பா வந்திருக்கேன்மா. கண்ணைத் திறயேன்."

முகத்திலிருந்த மண் அசைந்தது. ஒரு கண் திறந்தது. அது அப்பாவைத் தாண்டி அத்தையைத் தேடிப் பிடித்தது.

"அத்தை... நான் முந்திச் சுட்டுட்டேனா?"

மஹ்ஜூபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "நீ சுடவே இல்லடி, என் கண்ணே. இன்னைக்கு யாருமே சுடல."

"கால அசை" என்றான் மீலூது. இரண்டு காலும் அசைந்தன. "விரலு?" விரல்களும் அசைந்தன. தோள்பக்கம் தொட்டதும் மட்டும் அலறினாள். காரை எலும்பு போயிருக்கும் என்று மருத்துவ வண்டியில் வந்தவர் சொன்னார். தலையில் அடியில்லை, முதுகில் அடியில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மீலூது முணுமுணுத்தான். மறுபடி மறுபடி அதையே சொன்னான்.

கூட்டத்திலிருந்து ஓடிவந்த ஷாமாவின் அம்மா வண்டியில் ஏறிக்கொண்டாள். இன்னொருவருக்கு இடமில்லை. மஹ்ஜூபா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"வீட்டுக்குப் போலாம். நடுவர்கிட்ட சொல்லிடுறேன்."

மீலூது சாம்பல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அதன் முன்காலைக் குளம்பிலிருந்து முட்டிவரைக்கும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசுக்குப் பிறகு அவன் குதிரையைத் தொட்டு இன்றுதான் அவள் பார்க்கிறாள்.

"காலு நல்லா இருக்கு" என்றான். "ரெண்டாவது ஓட்டம் பாக்கி இருக்குல்ல? முதல் பாதியில கோல் வாங்கிட்டா ரெண்டாவது பாதிக்கு வராம போயிடுவாங்களா?"

"ஊர்வலத்துக்குக்கூட ரெண்டாவது பாதி உண்டா?"

"குத்திக் காட்டாத அக்கா." அவன் நிமிரவில்லை. "பத்துப் பேரு விரலும் விசையில இருந்துச்சு. ஒருத்தி இழுக்கல. விசில் ஊதினப்புறமும் பந்தை உதைக்கிறவனுங்களை வச்சுக்கிட்டுப் படுறவன் நான். இப்படிக் கட்டுப்பட எனக்கு ரெண்டு பேரு கிடைச்சாப் போதும்."

சாயங்கால வெயிலில் பத்துக் குதிரைகள் வரிசையில் நின்றன. ஷாமாவின் இடத்தை யாரும் நெருங்கி அடைக்கவில்லை. மஹ்ஜூபா குரல் கொடுத்தாள். திடல் அதிர்ந்தது. ஒரே ஒரு சத்தம், கோடாலியால் கட்டையைப் பிளந்தாற்போல. பந்தலில் ஒரு நடுவர் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் ஓட்டத்துக்கு மதிப்பெண் இல்லாததால் பரிசுப் பட்டியலில் அவர்கள் பேர் வரவில்லை. அதைக் கேட்க மஹ்ஜூபா நிற்கவும் இல்லை. மீலூதின் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே ஷாமா தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ரொட்டியைப் பிய்த்து ஹரீரா சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எலும்பு தானே கூடிவிடும், அறுவை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மஹ்ஜூபா நாற்காலியில் உட்கார்ந்தாள். மீலூது புதினாத் தேநீர் வாங்கிவந்து நீட்டினான். ஒரு வாய் குடித்தாள். மறுவாய்க்குள் தூக்கத்தில் கண் சொருகிவிட்டது. கையிலிருந்த கிளாஸை மீலூது மெதுவாக எடுத்துக்கொண்டான்.