குறைத்தவருக்குக் குக்கர்

மாப்பிள்ளை வந்தால் நான் அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டேன். மகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அதுகளும் பள்ளிக்கூடம் போயாயிற்று... இன்னும் அவர் முன்னால் நின்று பேச எனக்கு நா எழாது. வாராவாரம் இந்தப் பத்தியில் வாயடிக்கிறவளா இப்படி என்று கேட்காதீர்கள். காகிதம் மாப்பிள்ளை இல்லையே.

அவருக்கு சிமென்ட் ஆலையில் வேலை. போன மாதம் வந்தபோது என் வீட்டுக்காரரிடம் ஆலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வண்டி வண்டியாய்க் கிளம்புமாம். அதனால் ஒரு டன் சிமென்ட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்களாம். கோட்டுக்குக் கீழே இறக்கினால் ஆலைக்குப் பரிசு. தாண்டினால் தண்டம். “ஆனா அந்தக் கோட்டை எங்க போடுறதுங்கிறதுலதான் மாமா சண்டையே...” என்று ஆரம்பித்தார். அதற்குள் ரசம் பொங்கிவிட்டது. நான் உள்ளே ஓடிவிட்டேன்.

பாதிக் கதையே எனக்குப் போதாதா என்ன?

குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். பறித்த காயை உலர்த்த இரண்டு ஸ்டோர், அதாவது விறகு எரித்துச் சூடேற்றும் அறைகள். ஒன்றில் முருகேசன் தீப்போடுகிறான், இன்னொன்றில் பேச்சியம்மா. ஒரு லோடு காய்க்குப் போன தடவை எரித்த விறகைவிட யார் அதிகம் குறைக்கிறார்களோ, ஒவ்வொரு பறிப்புக்கும் அவர்களுக்கு ஒரு குக்கர் என்று அறிவித்தேன். அஞ்சாம் கிளாஸ் படித்தவள் போட்ட திட்டம். எனக்கே பெருமை தாங்கவில்லை.

முருகேசன் ஜெயித்தான். ஜெயிக்காமல்? அடுப்பில் கட்டையைத் திணித்துவிட்டு செல்போன் பார்க்கிற ஆள் அவன். செல்போனைக் கீழே வைத்ததுமே விறகு பாதியாகிவிட்டது. குக்கரைக் கையில் கொடுத்து போட்டோவும் எடுத்தோம்.

அடுத்த பறிப்பு. ஜீப்பில் மேலே போய் இறங்கினால், பேச்சியம்மா ஸ்டோரில் என்றைக்கும் இல்லாத புகை. அடுப்பு வாய் நிறையக் கட்டை. சூடு மிஞ்சினால் காய் வெளுத்து வெடித்துவிடும். போடியில் ஏலம் விடும்போது பச்சை நிறத்துக்குத்தானே மரியாதை? அந்தத் தடவைக் காய் மொத்தமும் உள்ளே இருந்தது.

“ஏத்தா, என்ன சோலி பண்ற? காயி கருகிப் போகாதா?”

அவள் நிதானமாக இன்னொரு கட்டையை வைத்தாள்.

“இப்ப நல்லா எரிச்சாத்தான ஆத்தா, அடுத்த தடவ கொறச்சுக் காட்ட முடியும்? நான் முன்னமே சிக்கனமா எரிச்சவ. எதைக் கொறைக்க?”

ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவருக்கு ஒன்றுமில்லை, ஊதாரி கொஞ்சம் திருந்தினால் குக்கர்! இப்படி ஒரு சட்டம் போட என்னைத் தவிர யாரால் முடியும்?

அங்கேயே நின்று மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். முகம் தெரியாத தைரியம்தான். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார்.

“அன்னைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான் அத்தே. அவங்கவங்க பழைய கணக்க வச்சுக் கோடு போட்டா, முன்னாடியே கொறச்சவன் ஏமாந்து போவான். எல்லாருக்கும் ஒரே கோடா போடுங்க. கேட்டுட்டு இருந்தீங்கள்ல, அப்பவே வெளிய வந்து கேட்டிருக்கலாம்ல?”

கதவுக்குப் பின்னால் நான் நின்றது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

போனை வைத்துவிட்டு பேச்சியம்மாவிடம் சொன்னேன். இனிமேல் அவள் வழக்கமாக எரிக்கிற அளவுதான் இரண்டு ஸ்டோருக்கும் கோடு. அதற்குள் முடிக்கிற எல்லாருக்கும் பரிசு. போட்ட சட்டம் தப்பு என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

அவள் குனிந்து, எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

நல்லவேளை, காய் பச்சையாகவே வந்தது. கறுத்தது என் முகம் மட்டும்தான்.