கடகடத்த ஐந்தாவது பழம்

"செவ்வாய், காலை 8.40. நாற்பதில் போனால் பின்பக்கம் கடகடவென்று சத்தம்."

எங்கள் புதுக் காரின் குறிப்பேட்டில் நான் எழுதிய பதினோராவது புகார் இது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவன் நான். "பாண்டிச்சேரில எந்த மலை ஏறப் போறீங்க?" என்று மனைவி அப்போதே கேட்டாள். அந்தக் கூடுதல் பாகங்கள்தான் ஆடுகின்றன என்று பயந்து, அவளிடம் சொல்லாமல், வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் அவளுக்கே சத்தம் கேட்டுவிட்டது. தட்டாஞ்சாவடியில் மெக்கானிக் பாயிடம் போனோம்.

"அக்கா ஓட்டட்டும். நான் பின்னாடி படுத்துக்குனு கேக்குறேன்," என்றார் அவர்.

இரண்டாவது வேகத்தடையில், "நிறுத்துங்க!" என்று கத்தினார். ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து, கல்லாய்க் காய்ந்த ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"பூஜைக்கு நாலு சக்கரத்துக்கு நாலு பழந்தானே சார்?"

"ஸ்டெப்னியும் சக்கரந்தானே பாய்! இவரு அதை விடுவாரா?" என்றாள் மனைவி.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடுவரை அவளே ஓட்டினாள். "சும்மா சொல்லக்கூடாது, வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பதினோரு முறை எழுதியதற்கு, ஒரு முறை அவளிடம் வாய்திறந்து சொல்லியிருக்கலாம்.

ஐந்து பழம் வாங்கியது நான்தான். ஐந்தாவதை அங்கே வைத்தது நான் என்கிறாள் அவள், அவள் என்கிறேன் நான்; அது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.