எட்டாவது பெயர்

காலை 9.40. குட்மேய்ஸ் ஹை ரோட்டில் 86ஆம் இலக்க பஸ் ஏறினோம். நானும் தவம் அண்ணையும். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை, ஒன்பது வருசம். லண்டன் நடுவில் ஒரு கல்லூரியில் பின்னிஷ் பாஷை வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனேன். அண்ணை துணைக்கு வந்தார்.

என் மனைவி சுதா பின்லாந்துக்குப் போய் ஏழு மாதம். தம்பெரே என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு பேக்கரி என்னை எடுக்கச் சம்மதம். தை மாதத்துக்குள் கொஞ்சமாவது அவர்கள் பாஷை கதைக்க வேணும். அங்கே போய்ப் படிக்கலாம்தான். வேலை இல்லை என்று பதிந்தால் காசில்லாத வகுப்பு உண்டாம். அதற்கும் வரிசை. அதுவரை பேக்கரி காத்திராது.

"பாண் சுடுறவனுக்குப் பாஷை என்னத்துக்கடா? பாண் எங்கயும் பாண்தானே" என்றார் அண்ணை.

"அங்கத்தை ஓவனில அவையின்ர எழுத்து, அண்ணை."

"அப்ப கருக்கிப்போட்டு வா. திருப்பி அனுப்பிவிடுவினம்."

10.05. இல்பேர்டில் இறங்கி 25 எடுத்தோம். ஒரு பவுண்ட் எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் வேறு காசு இல்லை. குட்மேய்ஸிலிருந்து பத்து மைல் வரும். ரயில் கெதியாகப் போகும், ஆனால் விலை. ஸ்ட்ராட்பேர்டில் சனம் நெருக்கியது. வைட்சப்பலில் பாதிப்பேர் இறங்கினார்கள்.

11.25. செயின்ட் போல்ஸ். கல்லூரிக்குப் பத்து நிமிட நடை. இமெயிலில் கேட்டிருக்கலாம். நேரில் போய் நின்றால் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பது எங்கட ஆக்களின் நினைப்பு.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. விவரம் சொன்னாள். செவ்வாய்தோறும் பின்னேரம், பத்துக் கிழமை, இருநூற்று நாற்பது பவுண்ட். பெனிபிட், அதுதான் அரசாங்க உதவிக்காசு, எடுப்பவர்களுக்குப் பாதி. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். இன்று பின்னேரம் நாலு மணி கடைசி. என்னோடு ஏழு.

ஒன்லைனில் நூற்றெண்பதுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது என்றாள். எனக்கு அது ஏறாது. ஆள் வாய் அசைப்பதைப் பார்த்தால்தான் பிடிபடும். தனி ஆசிரியர் மணித்தியாலம் நாற்பது பவுண்ட். வேறு இடத்தில் நேர்வகுப்பு அவளுக்குத் தெரிந்து இல்லை. நான் நின்றேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"ஒராள் காணாது."

"என்ர பேரைப் போடு."

"விளையாடாதேங்கோ. ஒவ்வொரு செவ்வாயும் வரோணும். வராட்டி வகுப்பை நிப்பாட்டிப்போடுவினம்."

"வாறன். முதுகு நோவெண்டு வீட்டிலதானே கிடக்கிறன். பெனிபிட் எடுக்கிறன், எனக்குப் பாதிக்காசுதானே?"

"உங்களுக்கேன் அண்ணை பின்னிஷ்?"

"அவளிட்ட அந்த போமை வாங்கு. பேந்து கதைப்பம்."

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஏலாது. நானே நிரப்பினேன். ஏன் படிக்க விரும்புகிறீர் என்று ஒரு கேள்வி.

"என்னெண்டு எழுத?"

"நீ போறாய் எண்டு எழுது."

எழுதினேன். அந்தப் பெண் வாசித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். முத்திரை குத்தினாள்.

12.20. திரும்ப 25. மேல்தட்டில் முன்சீட் கிடைத்தது. அண்ணை மைல் எண்டில் நித்திரையாகிவிட்டார். இல்பேர்டில் தட்டி எழுப்பி இறக்கினேன். கடையில் வகுப்பில் எழுத இரண்டு கொப்பி வாங்கினேன்.

2.10. வீடு. சுதாவுக்குப் போன் எடுத்தேன். வகுப்பு நடக்கும் என்றேன். அவளுக்குச் சந்தோசம். எட்டாவது ஆள் ஆர் என்று கேட்டாள்.

"தவம் அண்ணை."

"அந்த மனிசன் எங்க போகப்போகுது?"

பக்கத்து அறையில் அண்ணை கொப்பிக்கு உறை போடும் சத்தம் கேட்டது.

"எங்கயும் இல்லை" என்றேன்.